புகை பார்க்க வந்த துரை

தாய்மாமன் வராமல் சடங்கு வைக்க முடியாது என்று என் தங்கை சரோஜா சொல்லி அனுப்பிவிட்டாள். எண்பதுகளின் கடைசியில் நான் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். மதுரைக்குப் போய் வந்தாலே இரண்டு நாள் வயிறு சரியாக இருக்காது. ஆனாலும் மருமகள் வயதுக்கு வந்திருக்கிறாள், மாமன் சீர் கொண்டுபோகாமல் இருந்தால் என் அம்மா மேலே இருந்தாவது என்னைத் திட்டுவாள். பட்டுப்பாவாடையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவள் வாழ்க்கைப்பட்டுப் போன மலேசியாவுக்குக் கிளம்பினேன்.

ஈப்போவுக்குப் போகும் வாடகைக் காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டால்தான் வண்டி நகரும். எனக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கிழவி, அவள் மடியில் பம்ப்ளிமாஸ் பழங்கள். ஓட்டுநர் சிவா நம்ம பையன், ஆனால் பேச்சில் பாதி மலாய். பாதி வழியில் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பி நின்றுவிட்டது. "சூசாலா, கஷ்டம்தான் அண்ணே, தண்ணி இல்ல" என்று சிரித்துக்கொண்டே சாலையோரக் கடையிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினான். நம் ஊரில் வண்டி நின்றால் பயணிகள் எல்லோரும் மெக்கானிக் ஆகி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிழவி நிதானமாக ஒரு பழத்தை உரித்து எனக்கு நாலு சுளை கொடுத்தாள், என் சட்டையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று சிவாவைக் கேட்டேன்.

"மாப்பிள்ளை மாரி வெள்ளைச் சட்டை போட்டிருக்கீங்களாம். எங்க போறீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். அந்தத் தாமிரக் கம்பெனிப் பக்கமா, அப்ப ஒரு நாள் தாங்காதுங்கிறாங்க."

நான் சிரித்தேன். அச்சகத்தில் மை படாமல் இருபது வருஷமாக வெள்ளைச் சட்டை போடுகிறவன் நான். அந்த ஜம்பம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி, ஈயம் தோண்டிப் போட்ட குட்டைகளைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக் காடாக இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். தோட்டத்தை விற்று மரங்களை வெட்டிவிட்டார்கள். வாங்கிய கம்பெனிக்குக் கடலுக்கு அப்பால் எங்கோ தாமிரச் சுரங்கம் இருக்கிறது. அங்கே தோண்டிய மண்ணை இங்கே கொண்டுவந்து நிலக்கரி போட்டு உருக்குகிறார்கள். பால் வெட்டியவர்கள் குடியிருந்த லயம் மட்டும் வெட்டப்படாமல் மிஞ்சியிருந்தது. ஒரே கூரையின் கீழ் தொடுத்து வைத்த வீடுகள், எதிரில் கம்பெனியின் புகைக்கூண்டு. என் மைத்துனன், சரோஜாவின் கணவன் மாரியப்பனின் அப்பா அங்கே பால் வெட்டினார். மாரியப்பன் அதே இடத்தில் உலையில் வேலை பார்க்கிறான்.

சரோஜா ஓடி வந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டை எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். துடைத்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஜன்னல் கட்டையில் விரல் வைத்துப் பார்த்தேன், விரல் நுனி மை தொட்டதுபோல வந்தது. பின்கட்டு வாழையின் இலைகள் மேல் பக்கம் கறுப்பு, கீழ்ப் பக்கம் பச்சை. கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைக்கூட யாரும் பிடித்து வைப்பதில்லை.

என் மருமகள் செல்வி ஒரு மூலையில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து காலில் விழுந்தாள். நிமிர்ந்தபோது அவள் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். "படுத்தா மூச்சு அடைக்கும் மாமா, அதான் இப்படியே தூங்கிருவேன்" என்றாள், ஏதோ வேடிக்கையான பழக்கத்தைச் சொல்வதுபோல.

மறுநாள் சடங்கு. பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். விடியும்போது வெள்ளையாக இருந்தது, நான் குளித்துவிட்டு வருவதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பிராணி போடவில்லை, செல்விக்கு ஆகாதாம். சாம்பிராணி இல்லாத சடங்கை நான் அன்றுதான் பார்த்தேன். நான் கொண்டுபோன பட்டுப்பாவாடையைப் பிளாஸ்டிக் உறையோடு தட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னாள் சரோஜா. உறையைப் பிரித்தால் என்ன என்று கேட்டேன். உள்ளே போய் உடுத்தும்போது பிரித்துக்கொள்ளலாம் என்றாள்.

சாப்பாடு பிரமாதம். நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாடு போட்ட கத்திரிக்காய், தவுகே என்று ஒரு முளைகட்டிய பயறு வதக்கல், அன்னாசிப்பழப் பச்சடி. கோழியில் இந்த மண்ணின் மிளகாயும் தேங்காயும் சேர்ந்து ஒரு தனி ருசி, நம் ஊர்க் குழம்பு கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். ஆனால் பந்தியில் எல்லோரும் வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டே இடக்கையை இலைக்கு மேல் குடைபோலப் பிடித்திருந்தார்கள். குழந்தைகள்கூட. யாரும் சொல்லிக் கொடுக்காமலே என் கையும் அப்படிப் போய்விட்டது.

பந்தி முடிந்ததும் அருளப்பன் எழுந்து பேசினார். அவர் தோட்டக் காலத்தில் தண்டல், விடியற்காலையில் பிரட்டு என்ற ஆள்கணக்குக்கு ஆட்களை எழுப்பி வேலைக்கு அனுப்பியவர். தோட்டம் போய்விட்டது, ஆனாலும் தண்டல் பேச்சுக்கு லயத்தில் மறுபேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்காவிட்டாலும் அவர் விசில் கேட்கும் என்று மாரியப்பன் சொன்னான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பொதங்கிழமை வெளிநாட்டுல இருக்கிற கம்பெனி பெரிய ஆபீஸ்ல இருந்து துரை வாராரு. கம்பெனி கேட்டுல போர்டு மாட்டியிருக்கான்ல, அந்த வாக்குறுதிய எல்லாம் பார்த்து எழுதறதுக்கு. புகை நம்ம வீட்டைத் தொடுதுன்னு அவரு எழுதிட்டா, குனோங் ராபாட்ல கம்பெனி கட்டியிருக்கிற வீட்டுக்கு நம்மள மாத்தியாகணும். எழுதலைன்னா ஒண்ணும் இல்ல. வெளங்குதா?"

அந்தப் போர்டை நான் வரும்போதே படித்திருந்தேன். தொழில் பழக்கம், எழுத்தைக் கண்டால் கண் நின்றுவிடும். புகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், எரிக்கும் கரிக்கு ஈடாக மரம் நடுவோம், குடியிருப்புகளைப் புகை தொட்டால் குடியிருப்பவர்களை மாற்றி அமர்த்துவோம் என்று மூன்று மொழிகளில். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கம்பெனி எழுதி வைப்பது அதிசயம்தான். எனக்கு ஒரே உற்சாகம். இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது, கண் இருக்கிறவன் வந்தால் போதுமே என்று மாரியப்பனிடம் சொன்னேன்.

"அதான் மச்சான், அந்த ஒரு நாளைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றான் மாரியப்பன். அவன் செல்வியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை செல்வியை ஈப்போவில் டாக்டரிடம் காட்டப் போனோம். மாரியப்பனின் மோட்டார் சைக்கிளில் மூவர். நான் நடுவில் இருந்தேன், அதைவிட மோசமான பயணம் என் வாழ்க்கையில் கிடையாது. ஒரு லாரி ஒதுக்கியதில் வடிகாலுக்குள் சக்கரம் இறங்கி, இரண்டு மலாய்ப் பெரியவர்கள் தூக்கிவிட்டார்கள். நான் நன்றி சொல்லத் தெரியாமல் கும்பிட்டேன். அவர்களும் சிரித்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

டாக்டர் செல்வியின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஊதும் மருந்து ஒன்று கொடுத்தார். பிறகு, "மருந்து எழுதலாம், அது பெரிசில்ல. அந்த இடத்தைவிட்டு மாத்துங்க. ரொம்ப நாள் போடாதீங்க" என்று மாரியப்பனிடம் தமிழிலேயே சொன்னார். மாரியப்பன் தலையை ஆட்டினான். வெளியே வந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். ஈப்போவின் காப்பியைக் குடித்துவிட்டு நம் ஊர் டிகிரி காப்பியைப் பற்றிப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. செல்வி மீ கோரெங் என்ற நூடுல்ஸ் வறுவல் ஒரு தட்டு முழுவதையும் சாப்பிட்டாள், தட்டுக்கு மேல் கையைப் பிடிக்காமல். அவள் மூச்சில் அந்த விசில் இல்லை என்று நான் பாதித் தட்டில்தான் கவனித்தேன்.

திரும்பும் வழியில் குனோங் ராபாட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மலை அடிவாரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், வாசலில் மோட்டார் சைக்கிள்கள். கம்பெனி கட்டிய வரிசை பூட்டிக் கிடந்தது. அவள் இறங்கிப் போய்க் கொய்யா மரம் இருக்கிற வீட்டு வாசலில் நின்றாள்.

"நாங்க இதுக்குத்தான் வருவோம் மாமா. அம்மாகிட்ட சொல்லிட்டேன். இங்க துணி காயப் போட்டா வெள்ளையாவே இருக்கும்ல?"

"இருக்கும்டி" என்றேன்.

"நான் படுத்துத் தூங்குவேன்" என்றாள்.

சாயங்காலம் லயத்துக்குள் நுழைந்ததும் வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஊரே தெருவில் இருந்தது. வாளி, துடைப்பம், தென்னை மட்டை, குழாய். ஆண்கள் கூரை மேல் ஏறித் தகரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஈரத்துணியை வைத்து வாழை இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் விசிலோடு நடுவில் நின்றார்.

"கோத்தோங் ரோயோங், மச்சான்" என்றான் மாரியப்பன். எல்லோரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலையாம். சொல்லிவிட்டு அவனும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூரையில் ஏறப் போனான்.

எனக்குத் தலையில் அடித்ததுபோல இருந்தது. அருளப்பனிடம் ஓடினேன். "என்ன காரியம் செய்றீங்க? நாளைக்கு அவர் கரியைப் பார்க்கத்தானே வர்றார்? எல்லாத்தையும் கழுவிட்டா எதைப் பார்ப்பார்?"

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீங்க ஊர்ல இருந்து வந்தவரு, ஒங்களுக்குத் தெரியாதுலா. துரை லயம் பார்க்க வாரப்போ லயம் நாறிக் கெடந்தா என்ன ஆகும்னு எங்களுக்குத்தான் தெரியும். எங்கப்பன் காலத்துல இருந்து லயன் செக்கிங் இருந்துச்சு. காவாய்ல ஒரு எலை கெடந்தாலும் பேரைக் கூப்பிட்டு வெளுத்துருவான். அழுக்கா இருக்கிறவனுக்கு எதுக்கு நல்ல வீடுன்னு கேப்பான்."

"இவர் அந்தத் துரை இல்லை ஐயா. வீட்டைப் பார்க்க வரலை, புகையைப் பார்க்க வர்றார்."

"புகை மேல போகுதுல்ல, அது அவருக்கே தெரியும். வீடு நம்ம மானம்."

நான் சரோஜாவிடம் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஜன்னல் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் விரல் வைத்துப் பார்த்த அதே கட்டை. ஒரு சுவரையாவது அப்படியே விடம்மா, ஒரே ஒரு சுவர் என்று கெஞ்சினேன்.

"யார் வீட்டுச் சுவரை? என் வீட்டையாண்ணே?" என்று திகைத்துப் போய்க் கேட்டாள். "ஊரே வெள்ளையா இருக்கிறப்போ என் வீடு மட்டும் கரியா கெடந்தா பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு கூட்டத்தை விசில் ஊதியே கழுவ வைத்திருக்கிறார்கள். ஊதியவர்கள் கப்பலேறிப் போன பிறகும் கை தானாகக் கழுவுகிறது.

புதன்கிழமை காலையில் புகைக்கூண்டிலிருந்து வந்தது நூல் மாதிரி ஒரு புகை. ராத்திரியிலிருந்தே உலையைத் தணித்து வைத்திருக்கிறார்கள் என்று மாரியப்பன் காதோடு சொன்னான். கம்பெனி நட்ட மரக்கன்றுகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தலை குளிப்பாட்டியிருந்தார்கள். அவை பளிச்சென்று நின்றன. கம்பெனியும் கழுவிவிட்டது, நாமும் கழுவிவிட்டோம்.

வந்த வெள்ளைக்காரர் இளைஞர். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து, பிரயாணக் களைப்போடு இருந்தார். மோசமான மனிதர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கூடவே கம்பெனியின் தமிழ் அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்க. அருளப்பன் மாலை போட்டார். வெள்ளைக்காரர் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். நிலக்கரிப் புகையில் இருக்கும் கரியமில வாயு வானத்தில் தங்கிப் பூமி முழுவதையும் சூடாக்கப் போகிறது, எங்கள் கம்பெனி அதை இப்போதே யோசிக்கிறது, அதற்குத்தான் இந்த மரங்கள் என்று அதிகாரி தமிழில் சொன்னார்.

"பூமியே சூடாகுதாம்" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கிசுகிசுத்தார்.

"இங்க எப்பவும் சூடுதான்லா" என்றார் இன்னொருவர். கொஞ்சம் சிரிப்பு.

பிறகு வீடு வீடாகப் பார்த்தார். சரோஜா வீட்டில் நின்று, ஜன்னல் கட்டையில் விரலை வைத்து நீளமாக இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார். ரோஜா நிறத்தில் சுத்தமான விரல். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"ஒங்க லயம் மாதிரி சுத்தமான குடியிருப்பை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம்" என்றார் அதிகாரி.

சனங்களின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். அருளப்பன் மார்பை நிமிர்த்தினார். சரோஜா தேநீர்த் தட்டோடு நின்றவள் வெட்கப்பட்டுக் குனிந்தாள். அடுத்த வாக்கியத்தை அதிகாரி கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். "அதனால, புகை வீடுகளைத் தொடலைன்னுதான் எழுதப் போறாராம்."

முதலில் யாருக்கும் ஏறவில்லை. பிறகு மாரியப்பன், கம்பெனிச் சட்டையோடு நின்றவன், முன்னால் வந்தான். "சார், தினமும் கொட்டுது சார். நேத்துத்தான் கழுவுனோம். எம் மகளால மூச்சு விட முடியல சார்."

நானும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நேற்றுச் சாயங்காலம் வரை கறுப்பாக இருந்தது, ஒரு நாள் கழித்து வந்து பாருங்கள் என்றேன். அதிகாரி எல்லாவற்றையும் ஒளிக்காமல்தான் மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் பொறுமையாகக் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். செல்வியின் தலையைத் தடவினார். பிறகு சொன்னதை அதிகாரி தமிழில் சொன்னார்: "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். நாளைக் காலை வரைக்கும் ஈப்போ ஓட்டலில் இருக்கேன், அப்புறம் ஊருக்குக் கிளம்பறேன். காட்டுறதுக்கு ஏதாவது இருந்தா அதுக்குள்ள கொண்டாங்க. இல்லைன்னா அடுத்த தடவை வர்றப்போ பார்ப்போம்."

அடுத்த தடவை எப்போது என்று யாரோ கேட்டார்கள். அது மேலிடம் முடிவு செய்ய வேண்டியது என்றார் அதிகாரி.

கார் போன பிறகு வெகுநேரம் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. அருளப்பன் கழுவிய படியில் உட்கார்ந்து விசிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "சுத்தமா இருந்தா தப்பா?" என்று ஒருமுறை கேட்டார். மதியத்துக்கு மேல் உலையை ஏற்றிவிட்டார்கள், புகை பழையபடி கனத்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் காலை நான் ஈப்போ வழியாகத்தான் போக வேண்டும். என் வெள்ளைச் சட்டைகளில் ஒன்றை நனைத்துப் பின்கட்டுக் கொடியில் புகைக்கூண்டைப் பார்த்து விரித்துப் போட்டேன். ராத்திரி முழுக்க விழட்டும். காலையில் அதை அப்படியே சுருட்டி எடுத்துப் போய் ஓட்டலில் அந்த மனிதர் முன்னால் விரித்துக் காட்டுவேன். இது நேற்று உங்கள் விரல் பட்ட வீட்டின் கொடியில் காய்ந்தது என்பேன். யாரிடமும் சொல்லவில்லை. தண்டல் காதில் விழுந்தால் அதற்கும் ஒரு விசில் ஊதுவார் என்ற பயம்தான். வந்ததிலிருந்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்து நேரே பின்கட்டுக்குப் போனேன். கொடி வெறுமையாக இருந்தது.

சரோஜா அடுப்படியில் கரி இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். கையில் என் சட்டை, மடிப்புக் கலையாமல். கண் வீங்கியிருந்தது, விடியும் முன்பே எழுந்திருக்கிறாள்.

"நல்ல நேரத்துல பார்த்தேண்ணே. கொடியில கெடந்து ஒரே கரியாப் போயிருந்துச்சு. அண்ணன் ஊருக்குப் போறப்போ அழுக்குச் சட்டையோடவா போறதுன்னு ரெண்டு தடவை சோப்பு போட்டுத் துவைச்சு, அடுப்பு மேலயே காயவச்சுத் தேய்ச்சுட்டேன். கதவைச் சாத்திக்கிட்டுத்தான் தேய்ச்சேன், ஒரு பொட்டு விழல" என்றாள். வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். முந்தின நாள் முழுவதும் தலைகுனிந்தே இருந்தவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் இருந்தது.

நான் சட்டையையே பார்த்துக்கொண்டு நிற்க, "என்னண்ணே, கறை போகலையா?" என்று கேட்டாள்.

"போயிடுச்சும்மா. சுத்தமாப் போயிடுச்சு."

போட்டுக்கொண்டேன். செல்வி தலையணைகளில் சாய்ந்தபடியே கையை ஆட்டினாள், பேசினால் இருமல் வரும் என்று. வாசலில் சிவாவின் வண்டி வந்து நின்றது. வழியில் ஓர் ஓட்டலில் ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்குச் சொல்லும்போதே அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். ஈப்போவுக்குள் நுழைந்து அந்த ஓட்டல் வாசலில் வேகத்தைக் குறைத்தான்.

"நிக்கணும்னு சொன்னீங்களேண்ணே?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த இளைஞர் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு வாசலில்தான் நின்றிருந்தார். நான் ஒருமுறை என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். கழுத்துப் பட்டை, கை, நெஞ்சு, எங்கும் ஒரு புள்ளி இல்லை.

"வேண்டாம்பா, போலாம்" என்றேன்.